மழையின்மேல் பழியா?

கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோசு விலை ஏறினால், "பருவம் கெட்டுவிட்டது" என்று சொல்லிக் கைகழுவி விடுகிறார்கள். பருவம் கெட்டது மெய்யே. காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. ஆதலின் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. ஆனால், அம்மழையைச் சேற்று வெள்ளமாக்கியது வானமா?

மலைச்சரிவிலே காட்டை அழித்து, மண்ணைச் சமன்செய்து, மேலே பிளாஸ்டிக் கூரை வேய்ந்தார்கள். கூரை பயிரைக் காக்கிறது, மறுப்பாரில்லை. கூரைமேல் விழுந்த நீரோ மண்ணுக்குள் இறங்க வழியின்றி, வெட்டவெளி மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் பாய்கிறது. அந்த மண்ணெல்லாம் 1963-இல் கட்டி முடிந்த ரிங்லெட் சுல்தான் அபூபக்கர் அணையிலே படிந்தது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள், ஊர் உறங்கும் வேளையில், நிரம்பிய அணையைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கிலே மக்கள் மாண்டனர். அடுத்த ஆண்டு நவம்பரிலும் அங்கே வெள்ளம், அங்கே சாவு. இதையும் விதி என்போரை நாம் என்னென்பது!

குடியானவனை மட்டும் ஏசுவதும் நீதியன்று. ஆண்டுக்காண்டு காலாவதியாகும் தற்காலிக உரிமச் சீட்டை நம்பி நெடுங்காலம் பயிரிட்டவர்கள் இம்மலையில் அநேகர். அடுத்த ஜனவரியில் நிலம் தனதா என்றறியாதவன் கல்லடுக்கிப் படிவரப்பு கட்டுவானா? நீண்ட குத்தகை கொடுங்கள். கொடுத்துவிட்டு, கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கவும், ஓடைக்கரையை விட்டு விலகவும், செங்குத்துச் சரிவை மீண்டும் காடாக விடவும் கட்டாயப்படுத்துங்கள். தொட்டிநீர் வறட்சியிலும் உதவும்.

தேயிலைத் தோட்டத் தோழர்களே! "காய்கறிக்காரன் பாடு நமக்கென்ன?" என்றிராதீர்கள். முதிர்ந்த தேயிலை மண்ணைப் பிடித்து நிற்பது உண்மைதான். அதற்கும் குளிர்ச்சி வேண்டுமே! சங்கக் கூட்டத்தில் சம்பளப் பேச்சு முடிந்ததும், ஓடையைப்பற்றியும் ஒரு தீர்மானம் போடுங்கள்.