வாலிபர்களும் சர்க்கார் உத்தியோகமும்

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில், நாகமலையின் நீண்ட முதுகை ஒட்டி அமைந்திருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. அருகே காமராசர் பல்கலைக்கழகம். சற்றுத் தள்ளி வடபழஞ்சியில் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. பட்டம் தரும் இடமும் வேலை தரும் இடமும் பக்கத்திலேயே இருக்கிற ஊர். அங்குள்ள வாலிபர்கள் கவலையின்றி இருப்பார்கள் என்றுதானே எண்ணுவோம்? இல்லை! பகலில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உழைக்கும் பிள்ளை, இரவில் குரூப்-4 வினாத்தாளைப் புரட்டுகிறான். "வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் சர்வீஸ் கமிஷன் தேர்வுக்குப் படிக்கட்டுமா?" என்று வீட்டிலே கேட்கிறான். "படிப்பா, சர்க்கார் உத்தியோகம் ஆயுசுக்கும் நிற்கும்" என்கிறாள் தாய். "கையில் இருப்பதை விட்டுவிடாதே" என்கிறார் தந்தை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மதுரைச் சீமையிலும் தமிழகமெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுந்துள்ள கேள்வி இது. எனவே நாம் இதுபற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

குளிரூட்டிய அறை, கைநிறையச் சம்பளம், இவற்றை உதறிவிட்டு வர ஒருவன் ஏன் துணிகிறான்? சோம்பல் என்கிறார்கள் சிலர். சொல்பவர்கள் யார்? நாளைக்கு வேலை போகும் என்ற அச்சத்தை ஒருநாளும் அறியாதவர்கள்! 2025 ஜூலையில், நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் கம்பெனியான டாடா கன்சல்டன்சி, சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. உலகெங்கும் உள்ள அதன் ஊழியர்களில் நூற்றுக்கு இருவர். கம்பெனிக்கு அது ஒரு சதவிகிதக் கணக்கு. வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவனுக்கோ அது வாழ்வுக் கணக்கு. தகவல் தொழில்நுட்ப ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை தெளிவாக்கியதே 2016-இல்தான். அத்தனை காலம் அந்த உரிமை தமக்கு உண்டா என்பதே பலருக்குத் தெரியாது. அச்சம் விரட்டுகிறது, ஆகவே ஓடிவருகிறான் வாலிபன். பழி சொல்லவேண்டியது அவன்மீது அல்ல.

ஆனால், ஓடிவந்து சேருமிடம் எது? அதையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை.

2022-இல் குரூப்-4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 இலட்சம் பேர். 2025-இல் அறிவிக்கப்பட்டவை 3,935 இடங்கள். விண்ணப்பங்கள் 13 இலட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டாலும், நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இடமில்லாத கணக்கு இது. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

சர்க்கார் வேலை என்றால் ஓய்வூதியம் என்றிருந்தது ஒரு காலம். தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்று ஆயிற்று. அதை மீட்கவே ஜாக்டோ-ஜியோ அமைப்பினர் 2019 ஜனவரியில் வீதிக்கு வந்தனர். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அன்றைய ஆட்சி டிஸ்மிஸ் செய்ததை நாடு மறக்கவில்லை. பெரும்பாலோர் பின்னர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர் என்றாலும், 'அசையாத நாற்காலி' அசைந்ததை அன்று கண்டோம். அவ்வளவு தூரம் போவானேன்! நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, காமராசர் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடியால், அங்கு உழைத்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் சம்பளத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் போராடும்படி நேர்ந்தது. அரசுச் சின்னம் பொறித்த பெயர்ப்பலகை மட்டுமே அடுப்பை எரியவைக்காது என்பதற்கு இதைவிட அருகிலே சான்று தேவையா?

அப்படியானால் வரவேண்டாம் என்கிறோமா? இல்லை. வாருங்கள் என்றே சொல்கிறோம். பயந்து வராதீர்கள், பணிசெய்ய வாருங்கள் என்கிறோம்.

இன்று பட்டா வேண்டுமா, கம்ப்யூட்டர். சாதிச் சான்றிதழா, கம்ப்யூட்டர். பத்திரப் பதிவும் கம்ப்யூட்டர். 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற ஒரு வார்த்தையால், இ-சேவை மையத்தின் வாசலில் நிற்கும் கூலித்தொழிலாளி ஒருநாள் கூலியை இழக்கிறார். அந்த இயந்திரத்தின் மர்மம் அறிந்தவன், அந்த ஏழையின் மொழியும் அறிந்தவன், சர்க்காருக்கு உள்ளே இருக்கவேண்டாமா? பாஸ்போர்ட் சேவையை நடத்தும் ஒப்பந்தம் டாடா கன்சல்டன்சியிடம். வருமான வரித்துறையின் இணையத்தளத்தைச் செய்தது இன்போசிஸ். 2021 ஜூன் 7-இல் திறந்த அத்தளம் மாதக்கணக்கில் தடுமாற, கம்பெனியின் தலைமை நிர்வாகியை நிதியமைச்சகம் டில்லிக்கு அழைத்து விளக்கம் கேட்கவேண்டி வந்தது. விந்தையைப் பாருங்கள்! சர்க்கார் தன் கம்ப்யூட்டர் வேலையைக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறது. கம்பெனியில் அவ்வேலை கற்றவனோ, சர்க்காரில் இளநிலை உதவியாளர் நாற்காலிக்கு இலட்சக்கணக்கானவரோடு மோதுகிறான்!

பெரிய இடத்தில் மட்டும் வழி எளிதாக இருக்கிறது. இன்போசிஸை விட்டு 2009-இல் ஆதார் ஆணையத்தின் தலைவரானார் நந்தன் நிலேகனி. 2017-இல் மீண்டும் இன்போசிஸின் தலைவரானார். போகவும் கதவு, வரவும் கதவு! நாகமலை புதுக்கோட்டைப் பிள்ளை மூன்றாண்டு படித்துத் தோற்றுத் திரும்பினால், 'இந்த மூன்றாண்டு என்ன செய்தாய்?' என்றல்லவா கம்பெனி கேட்கும்?

திறமைசாலிகளைக் கொண்டுவருகிறோம் என்று மத்திய அரசு கண்ட வழி எது? 2024 ஆகஸ்ட் 17-இல் 45 உயர் பதவிகளுக்கு நேரடி நியமன விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு இல்லை! எதிர்ப்பு கிளம்பிற்று, மூன்றே நாளில், ஆகஸ்ட் 20-இல், விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி ஆணை கண்ட மண் இது. மாகாணங்களிலேயே முதலாவதாக 1929-இல் சர்வீஸ் கமிஷன் அமைத்த மண் இது. திறமையும் சமூகநீதியும் ஒரே வாசலில் நுழைய முடியும் என்பதை நமக்கு யாரும் புதிதாகப் போதிக்கவேண்டியதில்லை.

எனவே சர்க்காரைக் கேட்கிறோம்: ஒவ்வொரு துறையிலும் கம்ப்யூட்டர் பணிக்கு நிரந்தரப் பதவிகளை உண்டாக்குக. அவற்றைச் சர்வீஸ் கமிஷன் தேர்வு மூலம், 69 சதவிகித இடஒதுக்கீட்டோடு நிரப்புக. கம்பெனியில் பெற்ற அனுபவத்துக்கு உரிய மதிப்பெண் தருக. தேர்வு அட்டவணையைச் சொன்னபடி நடத்தி, முடிவைக் காலத்தோடு வெளியிடுக. தனியார் கம்பெனியில் இருப்போருக்கு, காரணமின்றி வெளியேற்ற முடியாத சட்டப் பாதுகாப்பைத் தருக. பாதுகாப்பு எங்கும் இருந்தால், அதைத் தேடி ஒருவரும் ஓடவேண்டியதில்லை.

வாலிபர்களுக்குச் சொல்வது இது: நியமன உத்தரவு கைக்கு வருமுன் வேலையை இராஜினாமா செய்யாதீர்கள். எத்தனை ஆண்டு முயல்வது என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து முன்பே முடிவு செய்யுங்கள். அந்த எல்லை வந்ததும் வெட்கப்படாமல் திரும்புங்கள். தேர்வில் தோற்பவன் வாழ்விலே தோற்றவனல்லன். வென்று உள்ளே செல்வீர்களாயின், இ-சேவை மையத்தின் வாசலில் நின்ற அந்தக் கூலித்தொழிலாளியை மறவாதீர்கள். அவர் வீடு திரும்பும்போது கையில் சான்றிதழ் இருக்குமானால், நீங்கள் விட்டுவந்த சம்பளம் வீண் போகவில்லை.