பட்டிமாட்டுக்கு மேய்ச்சல் தரை எங்கே?

வன்னியில் ஒரு குடும்பத்தின் நிலையை வயலைக்கொண்டு மட்டும் அளந்த காலம் ஒருபோதும் இருந்ததில்லை. எத்தனை ஏக்கர் என்று கேட்டவர் அடுத்துக் கேட்பது, பட்டியில் எத்தனை மாடு என்பதே. அந்தப் பட்டிமாடு இன்று நம் கண்முன்னே குறைந்து வருகிறது. புதுக்குடியிருப்பு மக்களாகிய நாம் இதைப் பற்றிப் பேசாதிருந்தால் வேறு யார் பேசப் போகின்றனர்?

நமது நாட்டுமாடு சிறிய உடம்புடையது. காய்ந்த புல்லையும் பற்றைக்காட்டு இலையையும் தின்று, வெயிலில் நெடுந்தூரம் நடந்து, குளத்து நீரைக் குடித்து வளர்வது. இரவில் கன்றைப் பிரித்துக் கட்டிக் காலையில் ஒருவேளை கறந்தால் ஒரு லீற்றர், மிஞ்சினால் இரண்டு. இவ்வளவுதானா என்று நகைப்போர் உளர். அவர்கள் வரவைப் பார்க்கின்றனரேயன்றிச் செலவைப் பார்ப்பதில்லை. இதற்குத் தீவனம் வாங்குவார் இல்லை. கொட்டகை கட்டுவாரும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் ஒட்டு மேய்ந்து, அடுத்த காலபோகத்துக்கு வேண்டிய எருவையும் அங்கேயே விட்டுச் செல்லும் மாடு இது. உரம் கிடையாமல் 2021இல் நாடு பட்ட பாட்டை நினைப்பவர்களுக்கு அந்த எருவின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதன் திறத்துக்குச் சான்று தேடி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டுமா? 2009இன் முதல் மாதங்களில் நம் மக்கள் பட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதுவரை காட்டில் நின்ற மாடுகளுக்கு வைத்தியரும் இல்லை, மேய்ப்பவனும் இல்லை. பல அழிந்தன, பல களவு போயின. ஆயினும் பிழைத்து நின்றவையும் இருந்தன. பழைய குறியைக் கண்டு தன் மாட்டை அடையாளம் பிடித்தவன் பாக்கியசாலி.

இதற்கு மாறாக, பால் உற்பத்தியைப் பெருக்குகிறோம் என்று அரசாங்கம் செய்ததைப் பாருங்கள். 20,000 பசுக்களைக் கடல் கடந்து கொண்டுவந்து விவசாயிகளிடம் கொடுக்கும் திட்டத்தில் 2017இல் 5,000 பசுக்கள் வந்திறங்கின. அவற்றுட் பல செத்தன; வாங்கியவர் கடன்பட்டனர்; திட்டம் நின்றது. கிணறும் புல்லும் வசதியும் உள்ளவர் ஜேர்சியை வளர்ப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. மானாவாரிக் கமக்காரனின் தலையில் அதைக் கட்டுவதையே ஆட்சேபிக்கிறோம். நாட்டுமாட்டுக்கு எதுவும் நேராது என்றும் நாம் சொல்லவில்லை. 2022 டிசம்பர்ப் புயலின் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. மேய இடமின்றி மெலிந்த மாடு மழையிலும் குளிரிலும் நின்று தாங்குமா?

மேய இடம்! வழக்கின் மையம் இதுதான். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் நமது மாடு எந்தக் கோலத்தில் தோன்றுகிறது? 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டத்தில் அது பிறர் நிலத்தில் நுழைந்த குற்றவாளி. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தில், ஒதுக்கப்பட்ட காட்டினுள் அதனை மேயவிடுவது குற்றம். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தில் அது குறிசுட வேண்டிய, விற்க வேண்டிய, அறுக்க வேண்டிய பொருள். இம்மூன்றிலும் பேணிக் காக்கவேண்டிய ஓர் இனமாக அது தோன்றவில்லை. காலபோகத்தில் வயலுக்குள் விட முடியாது. காட்டுக்குள் விட்டால் வழக்கு. நம் பாட்டன்மார் மேய்த்த வெளிகள் வர்த்தமானி அறிவித்தல்களால் ஒவ்வொன்றாக எல்லைக்கல் பெறுகின்றன. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் வீதிக்கு வந்து போராட நேர்ந்ததும் மேய்ச்சல் தரைக்காகவே அல்லவா?

இனத்துக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்துவிட்டால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக்கூடாது. தமிழ்நாட்டின் ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலைமாடு இந்தியாவில் பதிவுபெற்ற இனம். நம்மைப்போல் அவர்களும் காட்டினுள் பட்டி போட்டு வளர்ப்பவர்களே. எனினும் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடைவிதித்தது. தடை பின்னர் சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்குமாகச் சுருக்கப்பட்டது. ஆனால் அவர்களுக்கு வாதாட ஒரு பிடி உண்டு: 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்றே எழுதியிருக்கிறது. நமக்கு அத்தகைய ஒரு வரியும் இல்லை.

ஸ்பெயினின் பாஸ்க் மலைநாட்டில் லாச்சா என்றொரு செம்மறி உண்டு. செம்மறியில் பால் கறந்து பாற்கட்டி செய்பவர்கள் அவர்கள். இடியாசபால் என்னும் அந்தப் பாற்கட்டியின் பெயர் 1987 முதல் சட்டத்தின் காவலில் உள்ளது. லாச்சா, கரான்சானா ஆகிய இரு உள்ளூர்ச் செம்மறி இனங்களின் பாலால் செய்தாலன்றி அப்பெயரை இடமுடியாது. ஆடு நின்றால்தான் பெயர் நிற்கும்; பெயர் நின்றால் இடையனுக்கு விலை நிற்கும். வன்னித் தயிருக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. புவிசார் குறியீட்டுக்குப் பதிவேடு அமைக்க இந்நாட்டிலும் 2022இல் புலமைச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்டது. நமது சட்டத்தரணிகளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

உலக உணவு விவசாய நிறுவனத்தின் இரண்டாவது அறிக்கை, உலகின் கால்நடை இனங்களில் 17 வீதம் அழியும் ஆபத்தில் உள்ளதென்றும் 58 வீதத்தின் நிலை அறியப்படவே இல்லையென்றும் கூறுகிறது. எண்ணப்படாதது அழிந்தால் அழிந்ததென்று எழுதவும் ஆளிருக்காது.

கால்நடைகளைப் பேணலும் காத்தலும் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் அதிகாரம். முதலாவது வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல ஆளுநரின் கையிலேயே கழிந்தன. சபை இல்லையென்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் கிராமத்துப் பட்டிகளையும், அவை மேய்ந்த வெளிகளின் பெயர்களையும் எல்லைகளையும் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். எழுதிய பட்டியலைப் பிரதேச செயலாளரிடம் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைக்கட்டும். அடுத்த வர்த்தமானியில் ஒரு வெளி காடென்று அறிவிக்கப்படும்போது நீதிமன்றத்தின் முன் வைப்பதற்கு நமக்கு அந்தத் தாள் வேண்டும்.