வேகத்தின் மேல் பழி போடாதீர்கள்

"வந்தே பாரத் அவ்வளவு வேகமாகப் போகிறது, நெட் எப்படி வரும்?" விவரம் தெரிந்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். இந்தப் பேச்சு நிலைத்துவிட்டால், டவர் போட வேண்டியவர்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

4ஜி, மணிக்கு 350 கி.மீ. வேகத்திலும் இணைப்பு அறாதபடி வடிவமைக்கப்பட்டது. 5ஜியின் இலக்கு 500. வந்தே பாரத் எந்தத் தடத்திலும் 160-ஐத் தாண்டுவதில்லை. அந்த 160-க்கே கணக்குப் போடுவோம். டவரை நோக்கி நேராக விரையும் ரயிலில், 1,800 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 270 ஹெர்ட்ஸ் பிசகும். 4ஜியின் துணை அலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ 15,000 ஹெர்ட்ஸ். இரண்டு சதவீதம்கூட ஆகாத இந்தப் பிசகைப் போனே சரிசெய்துகொள்ளும்.

சிக்னலைத் தின்பது பெட்டிதான். சுற்றிலும் உலோகம், திறக்காத ஜன்னல். 20 டெசிபல் இழப்பு என்றால் உள்ளே வருவது நூறில் ஒரு பங்கு. சுவிட்சர்லாந்தில் ஜன்னல் கண்ணாடியின் உலோகப் பூச்சை லேசரால் நுணுக்கமாகக் கீறி அலைக்கு வழிவிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் டவர் மாறுவதும் சிக்கல்தான். அதில் வேகத்துக்குப் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தடத்தோரம் டவர்களை நெருக்கமாக வைத்தால் அதுவும் அடங்கும்.

செயற்கைக்கோள் வைஃபை போதும் என்பார்கள். ஹவுரா ராஜதானியில் சோதித்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, பயணிகளுக்கு நெட் வேகமும் போதவில்லை என்று கைவிட்டதை 2021-ல் ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

வேகம்தான் காரணம் என்றால் புதூர்நாட்டுக்கு என்ன பதில்? சென்னை–கோவை வந்தே பாரத் திருப்பத்தூரைக் கடக்கும்போது கிழக்கே தெரியும் ஜவ்வாது மலையில்தான் அந்த ஊர் இருக்கிறது. அந்த மலையூர்களில் அசையாமல் நிற்பவரும் சிக்னலுக்கு மேடு தேட வேண்டியிருக்கிறது. சாமை அறுப்பை விட்டு ரேஷன் கடைக்கு வந்தவர் விரலை வைத்துவிட்டு, மெஷினில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நூறு நாள் வேலைக்கு ஆப்பில் போட்டோ ஏற்றி வருகை பதிவது 2023 ஜனவரியில் கட்டாயமானது. போட்டோ ஏற நெட் வேண்டாமா?

"மலையில் ஆள் குறைவு, டவர் கட்டுப்படியாகாது" என்பதும் நிற்காது. இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் தனி நிதிக்குப் போகிறது. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. தண்டவாளத்தை ஒட்டி ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் நாடெங்கும் 60,000 கி.மீ.க்கு மேல் கண்ணாடியிழைக் கேபிள் போட்டிருக்கிறது. பெட்டிக்குக் கூரை ஆன்டெனா, தடத்துக்கு நெருக்கமான டவர், அடிவாரத்திலிருந்து புதூர்நாட்டுக்குக் கேபிள்: மூன்றையும் ஒரே திட்டத்தில் கேட்போம்.