முதல் பந்தை எங்கே அடிப்பது?

14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றும் திருவண்ணாமலைக்காரருக்கு, 18 குழி கோல்ஃப் ஆட்டத்தின் எட்டு கிலோமீட்டர் நடை ஒரு பொருட்டே அல்ல. கற்றுக்கொள்ளத்தான் சென்னைக்கோ பெங்களூருக்கோ சுமார் 200 கிலோமீட்டர் போக வேண்டும். பேர் பெற்றதாயிற்றே என்று 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கு ஓடாதீர்கள். அங்கே சரிவில் ஒரு கால் மேட்டிலும் மறுகால் பள்ளத்திலும் நின்றால், புதியவர் அடிக்கும் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. சென்னை நந்தனத்து காஸ்மோ கோல்ஃப் மைதானம் போன்ற சமதரையே தோது. அதற்கும் முன்னால் பயிற்சித் திடல்: நின்ற இடத்திலிருந்தே கூடை கூடையாகப் பந்தடிக்கலாம், பின்னால் யாரும் பொறுமையிழந்து காத்திருக்க மாட்டார்கள். வெளியாட்களை விடுவார்களா, மட்டை வாடகைக்குக் கிடைக்குமா என்று போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். தவறாக அடிக்க இடம் தரும் மைதானமே புதியவருக்கு நல்ல மைதானம். அழகு பார்ப்பதெல்லாம் பிறகு.