உந்தியும் மூச்சும்

மூச்சின்றிப் பேச்சில்லை. நாம் ஒலிக்கும் எழுத்துகள் எல்லாம் காற்றினால் பிறப்பனவே. இதனைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்குகின்றார். உந்தியிலிருந்து தோன்றும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளோடு பொருந்தி, வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கும் என்பது அவர் கருத்து. உந்தி என்பது கொப்பூழ்.

திருவண்ணாமலையில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒருநாள் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நுரையீரல் மார்பில் அன்றோ இருக்கின்றது? காற்று உந்தியிலிருந்து எவ்வாறு எழும்?” என்று வினவினான். “தொல்காப்பியரினும் நீ கற்றவனோ? உட்கார்” என்றேன். வகுப்பு நகைத்தது. அவன் தலைகவிழ்ந்து அமர்ந்தான். அதன்பின் அவன் என்னிடம் எதனையும் வினவியதில்லை. விடை தெரியாமையை மறைக்கவே நான் சினந்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு முழுநிலவு நாளில், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் நடந்தபோது எனக்கு மூச்சு இரைத்தது. மருத்துவரை நாடினேன். அவர் என் விலாவின்கீழ் ஒரு கருவியை வைத்து, “மூச்சை ஆழ்ந்து இழுங்கள்” என்றார். திரையில் வெண்மையான வளைகோடு ஒன்று கீழிறங்கியது. மூச்சை விட்டதும் மேலேறியது. “இதுவே உதரவிதானம்” என்றார் அவர்.

உதரம் என்பது வயிறு. விதானம் என்பது மேற்கட்டி. மார்பையும் வயிற்றையும் பிரித்து, குடைபோல் கவிந்து நிற்கும் தசை இது. இத்தசை சுருங்கிக் கீழிறங்கினால் மார்பினுள் இடம் பெருகும்; காற்று நுரையீரலுக்குள் புகும். அப்போது வயிறு முன்னே தள்ளப்படும். தசை தளர்ந்து மேலேறினால் காற்று வெளியேறும். உரக்க ஓதும்போது வயிற்றுத் தசைகள் அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றன. காற்று இருப்பது மார்பில். அதனை உந்தும் ஆற்றலின் ஒரு பகுதி வயிற்றில். மாணவன் கேட்டதும் தவறன்று. தொல்காப்பியர் கூற்றும் பொருளற்றதன்று.

இவ்வசைவை அளப்பதால் என்ன பயன்? அமைதியாக மூச்சு விடுகையில் உதரவிதானம் ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் அசையும். ஆழ்ந்து இழுக்கையில் அதனினும் பன்மடங்கு இறங்கும். கழுத்திலிருந்து வரும் நரம்பு பழுதுற்றால் ஒருபக்கம் அசைவு குன்றும். சிலபோது இறங்கவேண்டிய பக்கம் ஏறவும் கூடும். இதனை வெளியிலிருந்து தொட்டறிதல் அரிது. கண்டு அளந்தால் நோயின் காரணம் புலப்படும்.

1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடலைக் கீறாமல் உள்ளுறுப்பைக் காணும் வழி அதனால் பிறந்தது. இன்று, செவிக்கு எட்டாத மீயொலியைச் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு கதிரின்றியே அளக்கின்றனர். நான் கண்டது அத்தகைய கருவியே.

பழங்கல்வி பயின்றோர் இவற்றைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. சுவாமி குவலயானந்தர் வடமொழி கற்றவர், யோகம் பயின்றவர். அவர் 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவினார். மூச்சை வெளிவிட்டு வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியான பந்தத்தின்போது உதரவிதானம் மேலேறுவதை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். கண்டவற்றை ‘யோக மீமாம்சை’ என்னும் இதழில் வெளியிட்டார். நூலை மதித்தமையாலேயே அவர் அதனைச் சோதனைக்கு உட்படுத்தினார் என்பது என் கருத்து.

பிறப்பியலின் இறுதியில் தொல்காப்பியரும் ஓர் எல்லை வகுத்துக்கொள்கின்றார். அகத்தே எழும் காற்றின் அளவைக் கூறுதல் மறைநூலுக்கு உரியதென்றும், புறத்தே இசைக்கும் ஒலியின் அளவையே தாம் கூறியதாகவும் தெரிவிக்கின்றார். தாம் சொல்லாததைச் சொன்னதாக அவர் காட்டவில்லை. அவ்வாறிருக்க, ‘இக்கருவிகள் காட்டுவன எல்லாம் முன்னோர் முன்பே அறிந்தவை’ என்று நாம் பெருமை பேசுதல் முறையன்று. ‘முன்னோர் ஏதும் அறியார்’ என்று இகழ்தலும் முறையன்று. முன்னதில் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது; பின்னதில் கல்வி நின்றுவிடுகின்றது.

மாணவர்களே, நூலைப் பணிவோடு கற்றுக்கொள்ளுங்கள். ஐயம் தோன்றினால் அஞ்சாமல் வினவுங்கள். வினவுதல் ஆசிரியரை இகழ்வதாகாது. அன்று வினவிய மாணவன் இன்று எங்குள்ளானோ, அறியேன். அவனுக்குச் சொல்லவேண்டிய விடையை உங்களுக்குச் சொல்லியிருக்கின்றேன்.