எவருடைய சுதேசம்?

அரியாலையில், வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே, ‘சுதேசிய’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கித் திருநாட் கொண்டாட்டச் சங்கமொன்று தோன்றியது. அந்நியன் கப்பலேறிய பின் அச்சொல் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இச்சுதேசம் எவருடையது?

பின்காலனித்துவ இலக்கியம் பற்றி மேடைதோறும் முழங்குவோர் இக்கேள்வியைத் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர் சிலரை இலண்டனின் அளவுகோலால் அளந்துவிட்டு, ஒப்பியல் ஆய்வு முடிந்தது என்கின்றனர். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோவும் தோழர் இருவரும் ஆங்கிலத் துறையையே ஒழிக்குமாறு கோரியது 1968இல். கைலாசபதியின் ‘ஒப்பியல் இலக்கியம்’ வெளிவந்தது 1969இல். வழி காட்டப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, நடப்போரைத்தான் காணோம்.

நாம் ஒப்பிட வேண்டியவை எவை? 1977இல் கென்யாவின் கமிரீத்துக் கிராமத்தில் உழவரும் தொழிலாளரும் கிக்கூயு மொழியில் நாடகம் நடித்தனர். நிலம் பறித்த உள்நாட்டுச் செல்வரை அது சாடியது. தடை விதித்ததும் கூகியை விசாரணையின்றிச் சிறையிலிட்டதும் சுதந்திர கென்யாவின் அரசே. இங்கு, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர். அப்போராட்டத்திலிருந்து பிறந்தது என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’. காத்தவராயன் கூத்தின் பாணியில் அம்பலத்தாடிகள் அதனை ஊரூராக ஆடினர். இரு நாடகங்களும் மக்களின் மொழியிலும் கலைவடிவிலும், விடுதலைக்குப் பின்னும் பூட்டிக் கிடந்த கதவுகளைத் தட்டின.

“காலனித்துவம் பேசுமிடத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?” என்பர் சிலர். இழுத்தவர் நாமல்லர். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகளுக்கென்றே விதிகள் இருந்தன. ஊர்ப் பெரியோர் வாய்மொழி தந்தனர், அந்நியன் ஏட்டிலேற்றினான். 1806இல் ஆங்கிலேயரும் அத்தொகுப்பை ஏற்றுக்கொண்டனர். ஆண்டவனும் ஆண்டையும் கைகோத்த வரலாற்றில் ஒருவனை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது எவ்வகை ஆய்வு?

ஆசிரியர்களே, மாணவர்களே! கமிரீத்துவையும் மாவிட்டபுரத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அரியாலை முதலிய நம் ஊர்களின் மேடைகளில் எவர் ஆடினர், எவர் முன்வரிசையில் அமர்ந்தனர், எவர் வேலிக்கு வெளியே நின்றனர் என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். வேலிக்கு வெளியே நின்றவனையும் தன்னவனாகக் கொள்ளாத சுதேசம் பாதிச் சுதேசமே. மீதிப் பாதியை வென்றெடுக்க உதவாத ஒப்பியல் நமக்கு வேண்டாம்.