சீட்டில் எழுதும் பெயர். நோயாளி கொடுக்கும் விலை

மும்பை, தாராவியிலோ செம்பூரிலோ மாதக் கடைசியில் ஒரு மருந்துக் கடையருகே சற்று நேரம் நின்றால், பத்து நாளைக்கு எழுதிய மாத்திரையை "ஐந்து நாளைக்குப் போதும்" என்று கேட்டு வாங்கிச் செல்கிறவர்களைக் காணலாம். பாதி மாத்திரைக்குப் பாதி வியாதியாவது போகுமா?

டாக்டர் பீஸ் பெரிய சுமையல்ல. 2014-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கும் வைத்தியத்துக்கு நகரவாசிகள் செய்யும் செலவில் சுமார் 68 சதவீதம் மருந்துக்கே போகிறது.

சர்க்கரை வியாதிக்கான மெட்பார்மினையே எடுத்துக்கொள்ளலாம். மருந்து ஒன்றுதான், கம்பெனிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு விலை. எந்தப் பெயர் என்று தீர்மானிப்பவர் டாக்டர், பணம் கொடுப்பவர் வேறொருவர். கடைக்காரர் மலிவானதைக் கொடுக்க நினைத்தாலும், 1945-ம் வருட மருந்து விதிகளில் 65-வது விதி, சீட்டில் உள்ளதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக்கூடாது என்கிறது. 2008-ல் தொடங்கிய ஜன் ஔஷதி கடைகள் 2023 கடைசியில் பத்தாயிரத்தை எட்டின. கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டுக்கு அங்கே மாற்று மாத்திரை கிடைத்தால், அது விதியைக் கண்டும் காணாமல் விடுவதால்தான்.

கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று ஹாத்தி கமிட்டி 1975-லேயே சொல்லிவிட்டது. மூலப் பெயரில் எழுத வேண்டும் என்ற விதி 2016-ல் வந்தது. 2023 ஆகஸ்ட் 2-ந் தேதி தேசிய மருத்துவ ஆணையம் அதையே தண்டனையுடன் சேர்த்து வெளியிட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், 23-ந் தேதி அது நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய விதி மறுபடி அமலுக்கு வந்தது. ஏட்டில் இருக்கிறது, சீட்டில்தான் காணோம்.

இது தண்டவாளம் இல்லாமல் ரயில் விடுவது போன்றது என்றது இந்திய மருத்துவ சங்கம். தரத்துக்கு யார் பொறுப்பு என்பதே அதன் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தண்டவாளம் போட்டுக் காட்டிய இடமும் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மூலப் பெயரில் டெண்டர் விட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஊரில் பெரியாஸ்பத்திரி மாத்திரையை வாங்கிச் சாப்பிடும் தாய் தகப்பன் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. மும்பையில் தனியார் டாக்டரிடம் போகிறவருக்கு அப்படிச் சோதித்துத் தர ஆளில்லை. சோதனைக்கு ஏற்பாடு செய்யாமல் டாக்டரை மட்டும் மிரட்டியதால்தான் 2023 உத்தரவு மூன்று வாரத்துக்கு மேல் நிற்கவில்லை எனலாம்.

அதுவரை, கம்பெனிப் பெயருக்குக் கீழே மூலப் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. விதி நோயாளியின் பக்கம் இருக்கிறது. ஆனால் வலிப்பு, தைராய்டு மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றிச் சாப்பிடுவது கூடாது.